சாக்பீஸ் எல்லோர் கையிலும்



உங்கள் கையில் இருக்கும் இந்த இதழை ஒரே ஒரு சொல் திசை திருப்பியது. அந்தச் சொல் 'கடுக்காய்'.

தோல் தொழில் சிறப்பிதழ் என்று மூன்று மாதம் முன்பே முடிவு செய்திருந்தோம். ஆம்பூர் ஷூ கம்பெனிகள், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் ஷாப்புகள், பாலாற்றுத் தண்ணீர், கழிவு நீர் குறித்து 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு என்று எங்கள் பட்டியல் நீண்டது. எல்லாமே சமவெளியின் கதைகள். மலையை எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

நாங்கள் ஆறு பேர், ஆறு ஊர். நான் வேலூரில் இருக்கிறேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி ஆம்பூரில். பிழை திருத்தும் தமிழாசிரியர் ஐயா குடியாத்தத்தில். ஓவியர் சென்னையில். உருதுவிலிருந்து மொழிபெயர்ப்பவர் வாணியம்பாடியில். மலைப்பக்கச் செய்திகளை எழுதும் தங்கை அமிர்தியில். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாது மலையடிவாரத்தில் வரும் ஊர் அது. 1967-இல் திறந்த விலங்குக் காட்சிச்சாலையையும் அருவியையும் பார்க்கப் பள்ளிக்கூட நாட்களில் நம்மில் பலர் வேன் ஏறிப் போயிருப்போம். அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. காட்டுக்குள் இரண்டடி உள்ளே போனால் செல்போனில் சிக்னல் கோடு மறைந்துவிடும்.

போன வருடம் வரை எங்கள் ஆசிரியர் குழு போனில்தான் கூடியது. பேசுகிறவர் பேசுவார், மற்றவர் கேட்பார். நானும் ஆம்பூர் தம்பியும் ஓவியரும்தான் பேசுவோம். அமிர்தித் தங்கை கடைசியில் "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்வாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றே நான் நினைத்திருந்தேன். இரண்டு வருடம் அப்படி நினைத்தேன். அது என் பிழை.

ஓவியர்தான் ஒருநாள் இணைய வெண்பலகை ஒன்றைத் திறந்து எங்களுக்கு லிங்க் அனுப்பினார். வகுப்பறைப் பலகையை அப்படியே திரையில் வைத்ததுபோல இருக்கும். ஓரம் கிடையாது, எந்தப் பக்கம் நகர்த்தினாலும் வெற்றிடம் விரிந்துகொண்டே போகும். அதில் மஞ்சள் சீட்டு ஒட்டலாம், கோடு இழுக்கலாம், படம் வைக்கலாம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம். யார் எங்கே எழுதுகிறார் என்பதை அவரவர் பெயர் தாங்கிய சின்ன அம்பு காட்டிக்கொடுக்கும். ஒரே நேரத்தில் வர முடியாதவர் தனக்கு ஒழிந்த நேரத்தில் வந்து எழுதிவிட்டுப் போகலாம். எங்களுக்கு அதுதான் பெரிய உதவியாக இருந்தது.

இந்த இதழுக்காகப் பலகையில் கூடிய மறுநாள் காலை அதைத் திறந்தேன். ஆம்பூரைச் சுற்றி நாங்கள் ஒட்டியிருந்த முப்பது சீட்டுகளுக்கு வெகு தொலைவில், இடது பக்கத்தில், தனியாக ஒரு சீட்டு. 'கடுக்காய்' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து ஒரு கோடு, கையால் இழுத்த வளைவோடு, ஆம்பூர் வரை வந்து நின்றது. எழுதிய நேரம் இரவு பதினொன்று.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குரோமியம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்துத் தோல் மரப்பட்டையிலும் காயிலும்தான் பதமானது. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறப்போடுவார்கள். பிறகு கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுத்தால் நிறம் தெளியும். 'ஈ.ஐ.' தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது அந்தச் சரக்கு. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை பிடித்தது. 1970களில் அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் ஊக்குவித்தபோது தொழிலின் முகமே மாறியது. ஆனால் ஜவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்கும் கைகள் இன்றும் இருக்கின்றன. மலையும் தோல் ஷாப்பும் ஒரே சரக்கின் இரண்டு நுனிகள். அதை எங்களுக்குச் சொன்னவள், இரண்டு வருடமாக "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவந்தவள்.

போன் செய்து கேட்டேன், ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று. "நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடுது மேடம். லைனும் கட் ஆயிடுது. எழுதி வச்சிட்டா அது அங்கயே இருக்கும் இல்ல?" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு வருகிறது. எந்தப் பலகையைப் பார்த்தாலும், சாக்பீஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறேன்.

பள்ளிக்கூடக் கரும்பலகையில் சாக்பீஸ் வாத்தியார் கையில் இருந்தது. நம்மைக் கூப்பிட்டால் அது கணக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்கத்தான் என்று பயந்தே பழகினோம். ஷூ கம்பெனியில் லைன் முடிகிற இடத்தில் ஒரு போர்டு தொங்கும். மணிக்கு எத்தனை ஜோடி டார்கெட், எத்தனை முடிந்தது என்று சூப்பர்வைசர் எழுதுவார். காலையிலிருந்து மிஷினில் குனிந்து அப்பர் தைக்கும் அக்காக்கள் அதை நாள் முழுக்கப் பார்ப்பார்கள். ஊசி ஏன் ஒடிகிறது, எந்த மடிப்பில் நூல் இழுக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதை எழுத அந்தப் போர்டில் இடம் இருக்காது.

வேறு மாதிரிப் பலகையும் நம் மண்ணில் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வுக்காக, வேலூரும் ஆம்பூரும் அடங்கிய அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு வந்தார். நெல் விளையும் கிராமங்களை அந்தக் குழு ஆராய்ந்தது. நீளமான கேள்வித்தாளை நீட்டிப் பதில் வாங்கும் முறையின் குறைகளை எடுத்துச் சொன்னவர்களில் பின்னாளில் அவர் முதன்மையானவர். ஊர்க்காரர்களே தங்கள் ஊரை வரைந்து காட்டட்டும் என்ற முறை 1980களின் கடைசியில் இந்தியாவில் வேர்விட்டபோது, அதை உலகுக்கு எடுத்துச் சென்றவரும் அவரே. கோலை ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் அந்தக் கோல் கோலமாவு ஆனது. நீர்ப்பிடிப்புத் திட்டங்களிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் பெண்கள் தெருவில் உட்கார்ந்து மாவால் ஊரை வரைந்தார்கள். ஏரி இங்கே, வற்றிய கிணறு இங்கே, ஆளில்லாத கிழவி வீடு இங்கே. கூட்டத்தில் நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிறவர்கள், மாவை எடுத்தால் தயங்குவதில்லை. வாசலில் தினமும் போடுகிற கைதானே!

மஞ்சள் சீட்டு ஒட்டும் முறைக்கும் ஒரு மலைக்கதை இருக்கிறது. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா, கள ஆய்வில் குவிந்த குறிப்புகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று யோசித்து, 1960களில் ஒரு வழி வகுத்தார். ஒரு சீட்டில் ஒரே ஒரு செய்தி. எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ஒன்றோடொன்று சேருகிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும், தலைப்பு கடைசியில்தான். இன்று இணையப் பலகைகளில் உலகமே செய்வது அதைத்தான். அதே கவாகிதா நேபாளத்தின் எட்டாக்கை மலைக் கிராமங்களில், ஊர்க்காரர்களே தங்கள் குறைகளை ஆராயும்படி செய்து, குடிநீருக்கும் பள்ளத்தாக்கைக் கடக்கும் கம்பிவடப் பாதைக்கும் வழி செய்தார். அதற்காக 1984-இல் மகசேசே விருது பெற்றார். மலைக்காரர்களின் பேச்சைக் கேட்கத் தெரிந்தவரிடமிருந்து வந்த முறை, அமிர்தியிலிருந்து ஒரு சீட்டாக எங்களுக்குத் திரும்பி வந்ததில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

தூரத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் வாசகர்கள் நம்மில் நிறையப் பேர். மகளிர் குழு நடத்துகிறீர்கள், பள்ளி நடத்துகிறீர்கள், மகன் ஜெர்மனியிலும் நீங்கள் ஆம்பூரிலுமாக ஒரே வியாபாரம் பார்க்கிறீர்கள். நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் தொடங்கியதும் பேசாதீர்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதட்டும். மூத்தவர் முதலில் எழுதினால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, நான் கடைசியில்தான் எழுதுகிறேன். பேசுகிற தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். பிழை பார்க்க இது தேர்வுத் தாள் இல்லை. டைப் அடிக்கப் பழகாதவர் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பட்டும். எங்கள் குடியாத்தம் ஐயா அப்படித்தான் செய்கிறார். அவருடைய முத்தான கையெழுத்துதான் எங்கள் பலகைக்கே அழகு. செல்போன் சின்னத் திரையில் பெரிய பலகை தலை சுற்ற வைக்கும் என்பதால் ஒரு கூட்டத்துக்கு ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒருவர் பொறுப்பேற்று, யார் எதை எப்போது செய்வது என்று நாலு வரியில் எழுதி வாட்ஸ்அப்பில் போட வேண்டும். அதைச் செய்யாத வாரங்களில் எங்கள் பலகை திருவிழா முடிந்த மைதானம்போலக் கிடந்தது.

எந்தப் பலகை என்று கேட்பீர்கள். மிரோ, மியூரல் இரண்டும் 2011-இல் தொடங்கியவை. ஃபிக்ஜாம் 2021-இல் வந்தது. 2020-இல் வந்த எக்ஸ்காலிட்ரா எளிமையானது, இலவசமாகவே பயன்படுத்தலாம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் 2011-லேயே அலுவலகம் திறந்த நம் ஜோஹோ நிறுவனமும் 'வாணி' என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. எதுவானாலும், முக்கியமான பலகையை மாதம் ஒருமுறை படமாகவோ பி.டி.எஃப் ஆகவோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் நிறுவனம் தன் ஜேம்போர்டை 2024 கடைசியோடு மூடிவிட்டது. இரவல் சுவரில் எழுதும்போது வீட்டில் ஒரு நகல் இருப்பது நல்லது.

பலகையால் ஆகாததும் உண்டு. எங்கள் ஆம்பூர் தம்பியின் அப்பா ஷூ டிசைனர். லாஸ்ட் எனும் கால் வடிவக் கட்டையின் மேல் டேப்பை வரி வரியாக ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டு, டேப்பை உரித்துத் தட்டையாக விரித்துத்தான் பேட்டர்ன் எடுப்பார். வெளிநாட்டுப் பையர் பக்கத்திலிருந்து திருத்தம் கேட்டு வந்தால், சாம்பிளின் படத்தைத் திரையில் வைத்து, கோடு இங்கே இரண்டு மில்லிமீட்டர் இறங்கட்டும் என்று இரண்டு நாட்டவரும் சேர்ந்து குறித்துவிடலாம். கூரியர் போய்த் திரும்பும் நாட்கள் மிச்சமாகும். ஆனால் தோலைக் கட்டைவிரலால் அழுத்தி, அது எழும்பி வருகிற விதத்தில் தரம் சொல்கிறாரே, அதற்குத் திரையில் இடம் இல்லை. அதற்கு ஆள் நேரில் வர வேண்டும். தோல் கையில் இருக்க வேண்டும்.

அதனால்தான் இந்த இதழின் கடைசிக் கூட்டத்துக்கு ஆறு பேரும் அமிர்திக்கே போனோம். லேப்டாப்பைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது, சிக்னலும் போனது. தங்கையின் அம்மா உள்ளே போய் ஒரு கிண்ணம் கோலமாவு எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டோம். நடுப்பக்கம் எதற்கு என்று பேச்சு வந்தபோது, கிண்ணத்தை அந்த அம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மலையை வரைந்தார். கடுக்காய் மரம் நிற்கிற சரிவுகளை, மூட்டை இறங்கிய ஒற்றையடிப் பாதையை, மாட்டுவண்டி காத்திருந்த இடத்தை வரைந்தார். ஓவியர் அதை அப்படியே நோட்டில் எடுத்துக்கொண்டார். நடுப்பக்கத்தில் நீங்கள் பார்க்கப்போவது அந்தக் கோலம்தான்.

அடுத்த இதழ் நாகநதியைப் பற்றியது. ஜவ்வாது மலையில் பிறந்து, அமிர்தி வழியாக இறங்கி, செய்யாற்றில் கலந்து பாலாற்றைச் சேரும் அந்த ஆற்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். நீங்கள் நீந்திய மடு, வற்றிய வருடம், பாட்டி சொன்ன பெயர், எதுவானாலும் சரி. ஓர் அட்டையில் ஒரே ஒரு செய்தி. வருகிற ஒவ்வோர் அட்டையும் உங்கள் கையெழுத்தோடு எங்கள் பலகையில் ஏறும். இரவு பதினொரு மணிக்கு எழுதினாலும் பரவாயில்லை. காலையில் முதல் வேலையாகப் படித்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்