சைக்கிளை எடு... சென்னபட்டணாவுக்கு விடு!

லீவுக்கு எங்கே போறதுன்னு யோசிக்கிற தர்மபுரி மக்களே, இதோ ரூட்: பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர், கனகபுரா, ராமநகரம். ஓசூர் வரைக்கும் ஏத்தம், முட்டி கெஞ்சும்! 1975-ல் வந்த ‘ஷோலே’யை எடுத்த ராமநகரப் பாறைகளைத் தாண்டினா, மரபொம்மை ஊரான சென்னபட்டணா.

கடைசல் மெஷின்ல வெட்பாலைக் கட்டை சுழலும். கலர் அரக்குக் குச்சியை அழுத்தினா, உரசுற சூட்டுலயே உருகி ஒட்டிக்கும். பிரஷ்ஷே கிடையாது! தாழை ஓலையால தேய்ச்சா பளபளப்பு. ஜப்பான் அரக்கு மரத்துப் பால். இது பூச்சி தர்ற பிசின்.

புவிசார் குறியீடு வாங்கியும், மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளோட மல்லுக்கட்டுது இந்தத் தொழில். பையில ஒரு பம்பரத்துக்கு இடம் வைங்க. பேரம் மட்டும் வேணாம் பாஸ்!