கறுவாத்தோட்டமும் நமக்குத்தான்

தீபாவளிக்கு உடுப்பு எடுக்கக் கொழும்புக்குப் போகும் நம் குடும்பங்கள் புறக்கோட்டையில் இறங்கி, அங்கேயே பஸ் ஏறித் திரும்பிவிடுகின்றன. பிள்ளைகள் கேட்டால் காலிமுகத்திடல், அவ்வளவுதான். கொழும்பு 7 பக்கம் போகிறவர்கள் பங்களா வேலைக்கு நிற்கும் நம் பெண்கள். அவர்களும் கேட்டுக்கு உள்ளேயே.

அந்த இடத்தின் பெயரே கறுவாத்தோட்டம். ஒல்லாந்தர் காலத்தில் கறுவா நட்ட பூமி. அதுவும் ஒரு தோட்டம்தான். விகாரமகாதேவி பூங்காவின் மர நிழலில் சோற்றுப் பொதியைப் பிரிக்க டிக்கெட் கேட்கமாட்டார்கள். கிட்டவே 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. இதற்கு டிக்கெட் உண்டு, ஆனாலும் போங்கள். கண்டி மன்னர்களின் சிம்மாசனம் உள்ளே இருக்கிறது. காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் வெட்டியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

சுதந்திர சதுக்கத்து மண்டபம் 1948 பெப்ரவரியில் கிடைத்த சுதந்திரத்தின் நினைவாகக் கட்டியது. அதே ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா, பாட்டிமாரை நாடற்றவர் ஆக்கியது. அங்கே நமக்கென்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போராடி வாங்கிய பிரஜாவுரிமை இது. அந்தப் படிக்கட்டில் நாம் உட்காராமல் யார் உட்காருவது? பக்கத்து ஆர்கேட் கடைகளில் விலை கேட்கத்தான் பயம், அதை விட்டுவிடலாம்.

கொழும்பில் வீட்டு வேலை செய்யும் சகோதரிகள் கிழமைக்கு ஒரு நாள் லீவு கேட்க வேண்டும். கேட்க சங்கம் துணை நிற்க வேண்டும். பூங்கா அவர்களுக்கு நடக்கிற தூரம்தான்.