'மே' என்றொரு சொல்!

ஆங்கிலத்திலே மூன்றெழுத்து, தமிழிலே எழுதினால் ஓரெழுத்து. மே! குளத்தூர் வட்டத்துக் காட்டுவெளியிலே வெள்ளாடு நாளெல்லாம் எழுப்பும் ஓசை. அது பசியின் குரலா, பயத்தின் குரலா என்பதை ஆடு சொல்லாது. மேய்ப்பவன்தான் முடிவு கட்டுவான். அந்த ஆங்கிலச் சொல்லின் கதையும் அதுவேதான், தோழரே!

சென்ற திங்கள் கீரனூரிலே பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். மாணவத் தம்பி ஒருவன் அருகே வந்தான். "அண்ணே! எங்கள் ஊர் முத்து 1965-இல் மொழிக்காக உயிர் கொடுத்தார் என்றீர்கள். அதற்கு முன்பே ஆங்கிலம் நீடிக்கும் என்று சட்டம் வந்துவிட்டதே! பிறகு ஏன் போராட்டம்?" என்று கேட்டான்.

ஒன்றரை மணி நேரம் முழங்கியவன், ஒரு நிமிடம் ஊமையானேன். கைதட்டல் வாங்கத் தெரிந்த எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடையளிக்கத் தெரியவில்லை. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். 'மே' என்றால் 'லாம்', சட்டத்திலே 'ஷல்' என்றால் 'வேண்டும்' என்று பள்ளியிலே ஒப்பித்து மதிப்பெண் பெற்றேன், பொருளைப் பெறவில்லை! அந்தத் தம்பிக்குத் தர வேண்டிய விடையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நாடகம் எழுதுபவனல்லவா? ஒரு காட்சியாகவே காட்டுகிறேன். பண்ணையார் வீட்டுத் திண்ணை. குத்தகைப் பத்திரம் எழுதப்படுகிறது. உழவன் கைகட்டி நிற்கிறான்.

"என்னங்கய்யா எழுதியிருக்கு?"

"நீ தொடர்ந்து உழலாம் என்று எழுதியிருக்கிறது."

"உழவிட வேண்டும் என்று எழுதக் கூடாதுங்களா?"

"இரண்டும் ஒன்றுதானப்பா!"

"ஒன்றுதான் என்றால், நான் கேட்பதையே எழுதிவிடுங்களேன், ஐயா!"

பண்ணையார் முகம் கறுக்கிறது. திரை விழுகிறது.

இந்த உழவனின் கேள்விதான், தோழரே, 1963-இல் டில்லி நாடாளுமன்றத்திலே ஒலித்தது!

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், இந்தியை ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்துக்குப் பதினைந்தே ஆண்டுத் தவணை கொடுத்தது. 1965 ஜனவரி 26-இல் தவணை முடியும். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இல் நேரு வாக்களித்தார். வாக்கைச் சட்டமாக்கிடுக என்று கேட்டோம். 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் மூன்றாவது பிரிவு என்ன சொல்லிற்று? தவணை முடிந்த பின்னும் இந்தியுடன் கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்'!

வேண்டும் அல்ல, லாம்!

பிராங்க் அந்தோணி போன்றோர் அந்தச் சொல்லைச் சுட்டிக் காட்டினர். மாநிலங்கள் அவையிலே அண்ணா அதன் ஆபத்தை எடுத்துரைத்தார். இந்த இடத்திலே 'மே' என்பதற்கு 'ஷல்' என்பதே பொருள் என்ற கருத்துப்பட நேரு விடையளித்தார். ஒன்றுதான் என்றால், 'ஷல்' என்றே எழுதிவிடலாமே! எழுதவில்லை. சொன்னவர் 1964 மே 27-இல் மறைந்தார். வாய்ச்சொல் அவரோடு போயிற்று. எழுத்திலிருந்த 'லாம்' மட்டும் நம்மோடு நின்றது!

வழக்கறிஞர் நண்பர் ஒருவர் என்னிடம் வாதிடுகிறார்: "சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து 'மே' என்பதை 'ஷல்' என்றே நீதிமன்றங்கள் கொள்வதும் உண்டே!" உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எப்போது கொள்வது, எப்போது தள்ளுவது என்பது நீதிபதியின் கையிலல்லவா இருக்கிறது! மணம் பேச வந்தவர் பலகாரம் உண்டு, "செய்துகொள்ளலாம்" என்று சொல்லிப் புறப்பட்டால், பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கே பந்தற்கால் நடுவாரா?

அந்த ஐயம்தான் 1965-இல் தீயாயிற்று. தமிழகம் கொந்தளித்தது. துப்பாக்கிகள் வெடித்தன. கீரனூர் முத்துவும் விராலிமலை சண்முகமும் தம் உயிரைத் தந்தனர். பிப்ரவரியிலே மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் அளகேசனும் பதவி விலகக் கடிதம் கொடுத்தனர். பிரதமர் சாஸ்திரி வானொலியிலே உறுதிமொழி தந்தார்.

பிறகே சட்டம் திருந்தியது. 1967-இல் கொண்டுவரப்பட்டு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பழைய 'மே' அங்கேயே இருக்கிறது! ஆனால் அதற்குக் காவலாக 'ஷல்'களை நிறுத்தினார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு ஆங்கிலத்திலே தொடர்பு கொள்ள வேண்டும். அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவையும் நிறைவேற்றும்வரை இந்த ஏற்பாடு நீடிக்க வேண்டும். 'வேண்டும்' வந்தது, தோழரே! வாதத்தால் வராதது, வதைபட்ட பின் வந்தது!

பழங்கதைதானே என்பீர். இல்லை. அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவைப் புரட்டுங்கள். குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு, மாநில மொழியை உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் பயன்படுத்த ஆளுநர் அனுமதிக்க'லாம்' என்கிறது. அதே 'மே'! இராசஸ்தானம், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களிலே அந்த 'லாம்' இந்திக்குக் கதவைத் திறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்திலே தமிழ் வேண்டுமென்று 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதே 'லாம்' தமிழுக்குத் தாழ்ப்பாளாயிற்று! சொல் ஒன்று, சாவி யாருடைய இடுப்பிலே தொங்குகிறது என்பதே கேள்வி.

கீரனூர்த் தம்பி! உன் கேள்விக்கு விடை இதுதான். உங்கள் ஊர் முத்து, சட்டம் வந்த பிறகும் துயருற்றது, அந்தச் சட்டத்திலே உரிமை இல்லை, சலுகையே இருந்தது என்பதால்தான். கொடுப்பவன் மனம் வைத்தால் கிடைப்பது சலுகை. மனம் வைக்காவிட்டாலும் கிடைத்தே தீர வேண்டியது உரிமை. முன்னது லாம், பின்னது வேண்டும்.

முத்துவை வணங்கு, ஆனால் அவர் முடிவைப் பின்பற்றாதே. சாவு வேண்டாம், தம்பி, படிப்பு வேண்டும்! சட்டமோ, ஒப்பந்தமோ, அரசாணையோ, நம் கட்சியின் தேர்தல் அறிக்கையேயானாலும் சரி, கையிலெடு. எங்கெங்கே 'லாம்' ஒளிந்திருக்கிறது என்று கோடிட்டுக் காட்டு. "இரண்டும் ஒன்றுதானப்பா" என்று எவர் சொன்னாலும், அந்த உழவனைப் போலத் தலைநிமிர்ந்து கேள்:

ஒன்றுதான் என்றால், நான் கேட்பதையே எழுதிவிடுங்களேன்!