பழைய ஓட்டோ காருக்கு எந்த ஒயில்?



அடுப்படியையும் அலுமாரியையும் பேசும் இந்தப் பக்கத்தில் இம்மாதம் காரின் கியர் பொக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். மச்சான் வெளிநாட்டில், காரின் சாவி நம் கையில் என்று வாழும் வீடுகள் ஊவாவில் எத்தனையோ உண்டு.

என் ராத்தாவின் கதையும் அதுதான். உம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டிவிட்டுப் பண்டாரவளைக்குத் திரும்பும்போது, தெமோதரை தாண்டிய ஏற்றத்தில் கார் முரண்டு பிடித்தது. என்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை. கருகல் வாடை வேறு. இரண்டு கிழமைக்கு முன்புதான் ஒரு கராஜில் கியர் ஒயில் மாற்றியிருந்தார். "எல்லாம் சிவப்பு ஒயில்தானே, ஒன்றுதான்" என்றாராம் பாஸ்.

ஒன்றல்ல. ஓட்டோ கியரில் ஒயில் வெறும் மசகு அல்ல. என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துவதும், தன் அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அதுவே. தட்டு எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணக்கிட்டே ஒவ்வொரு கம்பெனியும் ஒயிலை நிர்ணயிக்கிறது. பதுளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர். பண்டாரவளை 1,200க்கும் மேல். இந்த ஏற்றத்தில் ஒயில் கடுமையாகச் சூடேறும். சமதரையில் மறைந்திருக்கும் பிழை இங்கே வெளிப்பட்டுவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆகவே நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் வயதான கார்கள். அவற்றுக்குச் சரியான ஒயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொனட்டைத் திறந்து கியர் ஒயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பல கார்களில் ஒயிலின் பெயர் அதிலேயே பொறித்திருக்கும். இல்லையேல் காரோடு வந்த கைநூலில் இருக்கும். தொண்ணூறுகளின் டொயோட்டா, நிசான் கார்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரோன் 2 அல்லது 3 வகை. பின்வந்த டொயோட்டாக்களுக்கு டைப் டி-ஃபோர். அதற்கும் பிந்தியவற்றுக்கு டபிள்யூ.எஸ். இவ்விரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக ஊற்றக்கூடாது. ஹொண்டாவுக்கு அதன் சொந்த ஒயில்: பழைய இசட்-1க்குப் பதிலாக இப்போது டி.டபிள்யூ-1. சி.வி.டி கியர் உள்ள கார்களுக்கு வேறு ஒயில். அதில் சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றினால் பொக்ஸே போய்விடும். "எல்லாக் காருக்கும்" என்று எழுதிய கேன் என்றால், பின்பக்கப் பட்டியலில் உங்கள் ஒயிலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு பார்க்கும்போது கார் சமதரையில், சூடாக இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹொண்டாவில் நிறுத்திய உடனே. ஒயில் கூடினாலும் நுரைத்துக் கெடுக்கும். சிவப்பு மாறிக் கருத்து, கருகல் வாடை வந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது.

வடித்தால் முழு ஒயிலும் வெளியே வராது. பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். நெடுங்காலம் மாற்றாத பழைய காரில் இயந்திரத்தால் கழுவி எடுப்பதைவிட, வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் அவ்வாறே செய்வது பாதுகாப்பு.

இன்னும் இரண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் 2 அல்லது எல் கியரில் இறங்குங்கள். கார் நின்றுவிட்டால் சக்கரம் உருளக் கயிறு கட்டி இழுத்துச் செல்ல விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது ஒயில் பம்பும் ஓடாது. உள்ளே எல்லாம் வறண்டு தேயும்.

ராத்தாவின் டிப்ஸ்டிக்கில் இருந்தது டைப் டி-ஃபோர். கராஜில் ஊற்றியது டெக்ஸ்ரோன். இரண்டு முறை வடித்துச் சரியானதை நிரப்பியபின், அல்ஹம்துலில்லாஹ், இழுவை திரும்பியது. எல்லோருக்கும் அப்படி அமையாது. தட்டு கருகிவிட்டால் எந்த ஒயிலும் அதை மீட்காது. பொக்ஸைக் கழற்றத்தான் வேண்டும்.

ஆகவே இன்றே அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, காரின் புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த முறை மூடி திறக்கும் முன், "கேனைக் காட்டுங்க பாஸ்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. உம்மாவை ஏற்றிக்கொண்டு மலையேறுவது நாம்தானே.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.