குனிந்து நுழையும் வீடு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுக் கூட்டத்தின் ஓரத்தில், நூறு பேர்கூட வசிக்காத பாப்பா வெஸ்ட்ரே என்னும் சிறு தீவுக்குப் போய்வருகிறவர்கள், பக்கத்துத் தீவிலிருந்து இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடும் விமானப் பிரயாணத்தைத்தான், உலகத்திலேயே குறுகியது என்ற விசேஷத்துக்காகப் பெரிதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அத்தீவின் மேற்குக் கரையில் ஏறக்குறைய 5,500 ஆண்டுகளாக நிற்கும் வீட்டைப் பற்றிப் பேசுவோர் அவர்களில் சிலரே.

நாப் ஆஃப் ஹாவர் என்று அதற்குப் பெயர். கடல் அரித்த மண்ணிலிருந்து தலைகாட்டிய அதனை 1930-களில் தோண்டினார்கள். 1970-களில் ஆன்னா ரிட்சி என்னும் அம்மையார் மறுபடி ஆராய்ந்து, கி.மு. 3700 முதல் 2800 வரை அங்கே குடித்தனம் நடந்ததென்று நிர்ணயித்தார். எகிப்தின் பிரமிடுகள் எழுமுன்பே, மாடும் ஆடும் வளர்த்து, மீனும் சிப்பியும் தின்ற ஒரு குடும்பம், வீட்டுக் குப்பையையே இரட்டைக் கற்சுவர்களின் நடுவே திணித்துக் குளிரைத் தடுத்துக்கொண்டது. சிக்கனத்தில் நம் பாட்டிமார்களும் அவர்களிடம் தோற்றுப்போவார்கள்!

கூரை போய்விட்டது, ஆனால் தாழ்ந்த நிலைக்கல்லின் கீழ் குனிந்து உள்ளே போய், சுவரோரக் கல் திண்ணையில் உட்கார்ந்தவுடன், வெளியே காதை அறைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கிவிடுகிறது. எதிரே, தானியம் அரைத்து அரைத்துத் தேய்ந்து குழிந்த கல் ஒன்று கிடக்கிறது. நம் வீட்டு அம்மியைக் கண்டவருக்கு அதன் உபயோகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதே தீவுக் கூட்டத்தில், ஸ்காரா பிரே என்னும் கீர்த்தி பெற்ற கற்காலக் கிராமத்தில், ஜனத்திரளை உத்தேசித்து, வீடுகளை மேலிருந்து எட்டிப் பார்க்கத்தான் அனுமதிக்கிறார்கள். உள்ளே நுழையும் ஆசைக்கு, பக்கத்தில் மாதிரி வீடு ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தை நினைத்தால் அது நியாயமே. ஆனால் ஹாவருக்கு அந்தக் கதி வர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சுற்றுலாவை விருத்தி செய்கிறோம் என்று சாலையும் கடையும் வந்தால், அவற்றின் பின்னாலேயே ஜனக்கூட்டமும், கூட்டத்தின் பின்னாலேயே கம்பி வேலியும் வந்தே தீரும். குனிய முடியாத முதியவர்களுக்கு இப்போதும் சிரமந்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன், எனினும் வேலி வந்தால் ஒருவருமே குனிய வேண்டியிராது. வீட்டை வெளிக்காட்டிய கடலே அதை விழுங்கவும் கூடுமாதலால், அலைக்கு எதிரே கற்சுவர் எழுப்பிக் காப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. வாசலை மட்டும் அடைக்க வேண்டாம்.