இங்கிலீஷ் பரீட்சையும் அந்தமான் வெயிலும்

பிப்ரவரி வந்தா போதும், இங்க ஸ்ரீ விஜயபுரத்துல (அதாங்க, 2024 வரைக்கும் போர்ட் பிளேர்) தமிழ் வீடுகள்ல ஒரே வசனம்தான். "வேகமா எழுதுடா, டைம் பத்தாம போயிடும்!" இந்த அறிவுரையால பெரிசா பிரயோஜனம் இல்லைங்கறது என் கருத்து.

நம்ம பிள்ளைங்களுக்கு கை மெதுவில்லை. வீட்டுல தமிழ், தெருவுல இந்தி, பரீட்சை ஹால்ல இங்கிலீஷ். ஒவ்வொரு வரியையும் மனசுக்குள்ள தமிழாக்கி, விடையை மறுபடி இங்கிலீஷாக்குதுங்க. நேரம் அங்கதான் கரையுது.

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பேப்பரைப் பாருங்க. 3 மணி நேரம், 80 மார்க். வாசிப்பு 20, எழுத்தும் கிராமரும் 20, பாடப்புத்தகக் கேள்விகள் 40. ஆக, பாதி மார்க் கடைசிப் பகுதியில. முதல்ல வர்ற பத்தியில புரியாத ஒரு வார்த்தையோட பத்து நிமிஷம் மல்லுக்கட்டினா போறது 1 மார்க் கேள்விக்கான நேரமில்லை, கடைசியில நிக்கற 6 மார்க் கேள்விக்கான நேரம்.

இங்க இன்னொரு சிக்கலும் உண்டு. கடிகாரம் நாடு முழுக்க ஒண்ணுதான், ஆனா அந்தமான்ல சூரியன் சென்னையைவிட சுமார் 50 நிமிஷம் முந்திக்குது. 10:30க்குத் தொடங்கி 1:30க்கு முடியற பரீட்சை, விடியறப்பவே எழுந்த பிள்ளைக்கு சென்னையில 2:20 வரைக்கும் உட்கார்ந்த மாதிரி. பெரிய விடைகள் எழுதற நேரமும் பசிக்கற நேரமும் ஒண்ணாயிடுது. ஏழு மணி டிபனோட விடாம, கிளம்பறப்ப இன்னும் ரெண்டு இட்லி கொடுங்க.

என் கணக்கு இதுதான்:

10:15 - 10:30: கேள்வித்தாள் படிக்கற நேரம். எழுதக் கூடாது. சாய்ஸ்ல எதை எழுதறதுன்னு இப்பவே முடிவு பண்ணிடணும்.
11:10: வாசிப்பு முடியணும். தெரியாததுக்கு இடம் விட்டுட்டு நகரணும்.
11:50: கடிதம், பத்தி, கிராமர் முடியணும்.
1:15: பாடக் கேள்விகள் முடியணும். 6 மார்க்குக்கு 100 - 120 வார்த்தைதான் கேக்கறாங்க, ரெண்டு பக்கம் வேண்டாம்.
மீதி 15 நிமிஷம்: விட்ட இடம், கேள்வி நம்பர், ஸ்பெல்லிங்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படி சொல்லிக்கொடுக்கறது?"ன்னு கடல் தாண்டி வந்து கடை, ஓட்டல், கட்டட வேலைன்னு உழைக்கற பல பெற்றோர் ஒதுங்கிடறாங்க. இதுக்கு இங்கிலீஷே வேண்டாங்க. மூணு ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாளைக் கொடுத்து, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழ உட்கார வைங்க. டிவியை அணைச்சுட்டு நீங்களும் பக்கத்துல உட்காருங்க. 11:10 ஆச்சுன்னா "அடுத்த பகுதிக்குப் போ கண்ணு"ன்னு சொல்லுங்க. அதுக்குத் தமிழே போதும்.