ஹோவர்டில் செவ்வியல் மீண்டும் தனித் துறையாக வேண்டும்

வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம், கிரேக்க, லத்தீன் செவ்வியல் துறையைக் கலைக்கும் முடிவை 2021இல் எடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த இரண்டே ஆண்டுகளில், 1867இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அந்நாட்டின் கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் செவ்வியலுக்கென்று தனித் துறை இருந்தது அங்கு மட்டும்தான். சில பாடங்கள் வேறு துறைகளில் தொடரும் என்று நிர்வாகம் சமாதானம் சொன்னது. இதை ஏற்பதற்கில்லை. எழுத்துகளில் தொடங்கி, வினைவிகற்பங்களோடு மல்லுக்கட்டி, பிளேட்டோவை மூலத்திலேயே படிக்கும் நிலைக்கு ஒரு மாணவி வர ஆண்டுக்கணக்கில் தொடர்ச்சியான பயிற்சி வேண்டும். ஆளுக்கொரு துறையில் சிதறிக் கிடக்கும் ஆசிரியர்களால் அதைத் தர முடியாது.

இந்தப் படிப்பு கறுப்பின மக்களுக்கு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. கிரேக்க இலக்கணம் அறிந்த கறுப்பர் ஒருவரைக் காட்டினால் அவர்களும் மனிதர்களே என்று நம்புவேன் என, அடிமைமுறையின் பெரும் ஆதரவாளரான ஜான் கால்ஹூன் பேசியதாகக் கறுப்பின மதகுரு அலெக்சாண்டர் கிரம்மெல் எழுதிவைத்திருக்கிறார். கால்ஹூன் இறந்தது 1850இல். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தார் வில்லியம் ஸ்கார்பரோ. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே அங்கே சட்டப்படி குற்றம். ஒளிந்து ஒளிந்து படித்த அந்தச் சிறுவன், 1881இல் கிரேக்கப் பாடநூல் ஒன்றையே எழுதி வெளியிட்டார். பின்னாளில் ஒஹையோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரும் ஆனார்.

ஹோவர்டின் சொந்த வரலாறும் சளைத்ததல்ல. அங்கே பல்லாண்டுகள் கற்பித்த ஃபிராங்க் ஸ்னோடன், பழைய குவளை ஓவியங்களையும் சிற்பங்களையும் நூல்களையும் ஒருசேர ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் எழுதினார். இன்றைய நிறவெறி போன்ற ஒன்று கிரேக்க, ரோமானிய உலகில் இல்லை என்பது அவர் முடிவு. இனவெறி மனித இயல்பு என்று சாதிப்போருக்கு அதைவிட வலுவான பதில் வேறென்ன? 1953இல் அங்கே பட்டம் பெற்ற நாவலாசிரியர் டோனி மாரிசனும் செவ்வியலைத் துணைப்பாடமாகப் படித்தவர்தான்.

செவ்வியல் படிப்பு வெள்ளையரின் ஆதிக்கத்துக்குத் துணைபோனது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் வாதத்தை அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் தரப்பு ஆசையோடு எடுத்தாண்டது. அதற்காகவே அதை நுணுகிப் படித்து மறுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த மறுப்பை எழுதும் உரிமை, அடிமைப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது?

மாணவர் எண்ணிக்கை குறைவு, வேலைவாய்ப்பு இல்லை என்ற கணக்கும் சொல்லப்படுகிறது. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைகளின் கவலை நியாயமானது. அதற்கு விடை உதவித்தொகை. அதே 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், செவ்வியலை முதன்மைப் பாடமாக எடுப்போர் கிரேக்கமோ லத்தீனோ படித்தே ஆக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தியது. ஆனால் துறையைக் கலைக்கவில்லை. பணக்காரப் பல்கலைக்கழகத்தில் துறை நிலைக்க, ஹோவர்டில் மட்டும் அது ஆடம்பரம் ஆகிவிடுவது அநீதி.

ஹோவர்டு நிர்வாகம் தன் முடிவைத் திரும்பப் பெற்று, மொழிகளைக் கற்பிக்கும் நிரந்தர ஆசிரியர்களோடு செவ்வியலை மீண்டும் தனித் துறையாக்க வேண்டும். அதற்கான நிதியைத் திரட்ட அதன் முன்னாள் மாணவர்கள் முன்வர வேண்டும்.